சோத்துக்கைப் பழக்கம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து மிச்சம் விழுந்த டைரி ஒன்றை எடுத்துக்கொண்டேன். அட்டையில் 'சௌந்தரபாண்டியன் பாத்திர மாளிகை, மதுரை' என்று தங்க எழுத்து. இவருடைய சுகரையும் பிரஷரையும் தினமும் குறித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் சுகர் 198, பிரஷர் 150/90.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, ஊர் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் ரிடையர் ஆனவள் நான். உள்ளே நிறையத் தேங்கிக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை கடையில் பித்தளை அண்டாவைத் தூக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நேற்று ஆஞ்சியோ செய்தார்கள். மூன்று அடைப்பு. ஸ்டென்ட் வைத்துச் சமாளிக்க முடியாதாம், பைபாஸ்தானாம். டாக்டர் சொல்லச் சொல்ல இவர் முகம் சுண்டிப்போனது. நான் இடது காதை டாக்டர் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டேன். எனக்கு வலது காது கேட்காது. ஹெட்போன் மாட்டி மாட்டிப் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் காபியில் சர்க்கரை இல்லையென்று டம்ளரை எறிந்தார். சுகர் 198 இருக்கிற மனுஷனுக்குச் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் என்னைத்தானே கேட்பார்கள்? டம்ளர் என்மேல் படாமல் சுவரில் பட்டது. குறி தப்பியிருக்கிறது. உண்மையிலேயே உடம்பு சரியில்லைதான்.

ஜூன் 5, வியாழன்

இன்றைக்கு அறுவை சிகிச்சை டாக்டர். இன்பராஜ் என்று பெயர். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், ஆனால் குரல் நல்ல குரல். குரலை வைத்தே ஆளை எடை போட்டுப் பழகியவள் நான். இந்த ஆள் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசமாட்டார்.

ஒரு தாளை எடுத்து இதயத்தை வரைந்தார். "ஐயா, அடைப்பைத் தோண்டி எடுக்கப் போறதில்ல. ரோடு அடைச்சுக்கிட்டா பக்கத்துல பைபாஸ் ரோடு போடுற மாதிரிதான். உடம்புல வேற இடத்துல இருந்து குழாயை எடுத்து, அடைப்புக்கு அங்கிட்டு ஒட்டிவிடுவோம். முன்பக்கத்துப் பெரிய குழாய்க்கு நெஞ்சுக்குள்ள இருக்குற தமனியையே திருப்பிவிட்டுருவேன். அதுல பேச்சே இல்ல. மத்த ரெண்டுக்கும் எதை வைக்கிறதுன்றதுதான் கேள்வி."

"எது நல்லதோ அதை வைங்க," என்றார் இவர். கடையில் எவர்சில்வர் காட்டுகிற குரல் எங்கேயோ போய், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கால்ல இருந்து எடுக்குற சிரை. காலங்காலமா பண்றது. எடுக்கறது சுலபம், வேணுங்கற நீளம் கிடைக்கும். ஆனா பத்து வருஷத்துல பாதிக்குப் பாதி அடைச்சுக்குது. இன்னொண்ணு, முன்னங்கையில இருந்து எடுக்குற தமனி. அது ரத்தம் வேகமாப் பாயறதுக்குப் பழகின குழாய். எடுக்கறதுக்கு நேரமாகும், பொறுமை வேணும். ஆனா ரொம்ப வருஷம் தாங்கும்."

"கையில எடுத்துட்டா அப்புறம் கைக்கு ரத்தம்?" என்று நான் கேட்டேன்.

"கைக்கு ரெண்டு குழாய் இருக்கும்மா. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு பாத்துக்கும். அதைச் சோதிச்சுட்டுத்தான் எடுப்போம். சில பேருக்குக் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும், பிடி கொஞ்சம் தளரும். முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிரும். சில பேருக்கு அப்படியே நின்னுரும். அதனாலதான் பழக்கமில்லாத கையில எடுக்கிறது. ஐயாவுக்குச் சோத்துக்கைப் பழக்கம்தானே?"

"பின்ன?" என்றார் இவர். அவமானப்படுத்திவிட்ட மாதிரி ஒரு பார்வை வேறு.

"அப்ப இடது கை. யோசிச்சுச் சொல்லுங்க."

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நிமிரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சுகர் 212. முருங்கைக்கீரைப் பொரியல். இவர் கடைக்குப் போகவில்லை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 7, சனி

வேறொன்று இருக்கிறது.

இவர் பிறவியில் இடது கைக்காரர். கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னது. ஐந்து வயதில் இவர் இடது கையால் சோற்றைத் தொட்டதற்கு, மாமனார் அந்தக் கையைத் துண்டால் ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டுத்தான் சாப்பிடச் சொல்வாராம். கல்லாவில் உட்காரப் போகிற பிள்ளை இடது கையால் காசு வாங்கினால் லட்சுமி நிற்பாளா? ஒரு வருஷத்தில் வழிக்கு வந்துவிட்டது. சாப்பிடுவது, எழுதுவது, சில்லறை கொடுப்பது, விபூதி பூசுவது எல்லாம் வலது கை. யார் பார்த்தாலும் சோத்துக்கைக்காரர்தான். அவரே அப்படித்தான் நம்புகிறார். இடது என்று சொன்னால் அடிக்க வருவார்.

அடிக்க வருவதும் இடது கையால்தான். கோபம் வரும்போது எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்று மாமனார் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரே நிற்கிற ஆளை இடது கையால் அறைந்தால் அது வலது கன்னத்தில் விழும். அதனால்தான் எனக்குப் போனது வலது காது. ஹெட்போனை நான் என்றைக்குமே இடது காதில்தான் மாட்டியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில், ஆபீஸில், மகனுடைய பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்வது. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஊரில் கெட்ட பெயர். செந்தில்வேல் பெரியவனானதும் தரையை மாற்றச் சொல்லிப் பணம் அனுப்பினான். அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் டைல்ஸுக்கு அனுப்பினான்.

டாக்டர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அந்தக் கை மரத்துப்போகட்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

நாத்தனார் பூங்கோதை வந்து உட்கார்ந்துவிட்டாள். வாசலிலேயே அழுகை. செந்தில்வேல் பெங்களூரிலிருந்து போனில். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"கால்ல எடுக்கச் சொல்லுங்க மதினி," என்றாள் பூங்கோதை. "எங்க கொழுந்தனுக்குக் கால்லதான் எடுத்தாங்க. இன்னைக்கு ஜம்முனு புல்லட் ஓட்டுறாரு. கையில போயி யாராச்சும் எடுப்பாங்களா? கேள்விப்பட்டதே இல்லையே!"

"நீ கேள்விப்படலேன்னா இல்லாமப் போயிருமா? உங்க அண்ணனுக்குச் சுகர் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் கீறினா அந்தப் புண்ணு என்னைக்கு ஆறும்?"

"ம்மா, இப்ப ஓட்டை போட்டு கேமரா விட்டு எடுக்கிறாங்க. முழுசாக் கீறவேணாம்," என்றான் செந்தில்வேல். படித்தவன், ஏதோ பார்த்து வைத்திருக்கிறான். "இதயத்தை நிறுத்தாம, துடிக்கத் துடிக்கவே பண்றதும் இருக்கு. அதையும் கேளு."

"கேட்டேன்டா. இவருக்கு நிறுத்தி, மெஷின்ல ஓடவிட்டுத்தான் பண்ணணுமாம். அந்தக் குழாய் சின்னது, அசைஞ்சா தையல் நிக்காதுன்னாரு. நான் கேக்காம விடுவேனா? ஆனா ஓட்டை போட்டு எடுத்தாலும் காலுச் சிரை காலுச் சிரைதானே. பத்து வருஷத்துல மறுபடியும் இவரு நெஞ்சைப் பிளக்கணுமா? எழுபத்தஞ்சு வயசுல? எனக்கு என் புருஷன் ரொம்ப நாள் இருக்கணும்."

கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. பொய்யாகத்தான். ஆனால் நன்றாக வந்தது. பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் குடுத்து வெச்சவரு மதினி," என்றாள். இவர் ஈசிசேரில் படுத்தபடி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அவ சொல்றபடியே செய்யுங்க," என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

ஜூன் 12, வியாழன்

சேர்த்துவிட்டோம். பக்கத்துக் கட்டிலில் திரவியம் என்று ஒரு வாத்தியார். பைபாஸ் முடிந்து எட்டு நாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வேட்டியை விலக்கிக் காலைக் காட்டிக்கொண்டிருந்தார். கணுக்காலிலிருந்து முழங்கால் தாண்டி ஒரே கோடு, அதில் வரிசையாக ஸ்டேப்லர் பின். பாதம் பொங்கலுக்கு வைத்த பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

"நெஞ்சு வலி பரவாயில்லம்மா. இந்தக் காலுதான் கொல்லுது," என்றார்.

"இன்னொரு தடவை காட்டுங்க சார், இவரு சரியாப் பாக்கல," என்றேன். இவர் பார்த்தார். தண்ணீர் கேட்டார்.

சாயங்காலம் ஆக்னஸ் என்று ஒரு பெண் வந்தாள். டாக்டர் நெஞ்சைத் திறக்கும்போது கையிலிருந்து குழாயை எடுப்பது அவள் வேலையாம். இருபத்தெட்டு வயசு இருக்கும். இவருடைய இடது மணிக்கட்டில் இரண்டு பக்கமும் கட்டைவிரலை அழுத்தி, "கையை இறுக்கி மூடித் திறங்கப்பா, நாலஞ்சு தடவை," என்றாள். உள்ளங்கை காகிதமாக வெளுத்தது. சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விட்டாள். மளமளவென்று சிவந்தது. "நல்லா இருக்கு. இது ஒண்ணே போதும் கைக்கு," என்றாள்.

அந்தக் கையை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நிதானமாக நான் பார்த்ததில்லை. மோதிர விரலில் ஒரு மச்சம் இருக்கிறது.

"எந்தக் கையில எழுதுவீங்க, சாப்பிடுவீங்க?"

"சோத்துக்கைலதான். எத்தனை பேரு கேப்பீங்க இதையே?"

ஆக்னஸ் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. சில பேரு பயத்துல மாத்திச் சொல்லிருவாங்க."

நான் இடது காதைத் திருப்பி, கேட்காத மாதிரி இன்னொரு தடவை கேட்க வைத்தேன். யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது.

"எழுதறது, சாப்பிடறது ரெண்டும் வலது கைதான்மா," என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"உங்களுக்கு அந்தக் காது கேக்காதாம்மா?"

"எக்ஸ்சேஞ்ச்ல வேலை," என்றேன்.

ஜூன் 14, சனி

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "தவமணி," என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல வருஷம் ஆகிறது. 'ஏய்'தான் என் பெயர் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் ஆக்னஸைத் தேடினேன். முகமூடி போட்ட எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி இருந்தார்கள். கதவு மூடிவிட்டது.

இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள் என்று சொல்லியிருந்தார் டாக்டர். அந்த நேரத்தில் நான் கேன்டீனில் பூரி சாப்பிட்டேன். நல்ல பூரி. கிழங்கில் சோம்பு தூக்கலாகப் போட்டிருந்தான். பூங்கோதை வெளியே கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். "கைத் தமனி அருமையா இருந்துச்சும்மா. வெண்ணெய் மாதிரி தைச்சேன். உங்க முடிவு நல்ல முடிவு."

பெங்களூரிலிருந்து வந்திருந்த செந்தில்வேல் அழுதான். நானும் அழுதேன்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார். மார்பெலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தையல்.

குளிப்பாட்டுவது நான். சோறு பிசைந்து கொடுப்பது நான். அரை இருமல் வந்ததும், "தலகாணி, தலகாணி," என்று கையை நீட்டினார். தலையணை என் மடியில்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக எழுந்து கொடுத்தேன். அதற்குள் இரண்டு தடவை இருமிவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்.

சுகர் 146.

ஜூலை 2, புதன்

ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் பக்கத்து நாற்காலியில் இடது கையை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். ரசத்தில் கிடந்த கரண்டியை எடுத்துத் திரும்பும்போது அதன் சூடான குழி அவருடைய கட்டைவிரல் பின்புறத்தில் பட்டுவிட்டது.

பட்டுவிட்டது என்று எழுதினேன். பட வைத்தேன்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். விரல் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தோல் சிவந்திருப்பதைப் பார்த்து, "ஏய், இது என்னது?" என்றார். கொசுக்கடியாக இருக்கும் என்றேன்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினேன். எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து சீட்டில் இருந்தவள். தினமும் பேசுவோம், ஆனால் அவர் கடையிலிருந்து வருவதற்குள் வைத்துவிடுவேன். இன்றைக்கு அவர் எதிரிலேயே சத்தமாகச் சிரித்துப் பேசினேன். "என்னடி இன்னைக்குக் குரலே வேற மாதிரி இருக்கு?" என்றாள். அவளும் ஆபரேட்டர் அல்லவா, கண்டுபிடித்துவிடுவாள்.

ஜூலை 10, வியாழன்

டம்ளரைத் தூக்கி எறியப் பார்த்தார். கைநழுவி அவர் மடியிலேயே விழுந்தது. ஆறின காபிதான்.

ஜூலை 19, சனி

ஆஸ்பத்திரியில் பரிசோதனை. நெஞ்சுத் தையல் நன்றாக ஆறிவிட்டது. இவர்தான் ஆரம்பித்தார். "டாக்டர், இந்தக் கையில பலமே இல்ல. பீரோப் பூட்டைத் திறக்க முடியல. கத்தி பிடிக்க வரல."

"பூட்டை ஏன் இடது கையில திறக்கிறீங்க?"

டாக்டர் பேனாவை நீட்டி, "இதை என்மேல எறியுங்க. யோசிக்காம," என்றார். இடது கைதான் உயர்ந்தது. பேனா பாதியிலேயே விழுந்தது.

"நீங்க இடது கைப் பழக்கமா?"

"சின்ன வயசுல," என்றார் இவர். இந்த வயதில் ஒரு மனுஷன் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. "அப்பா மாத்திட்டாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நல்ல குரல் கொஞ்சம் கரகரத்தது. "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா. நான் காலிலயே எடுத்திருப்பேன். இல்லேன்னா வலது கையில எடுத்திருப்பேன்."

"எழுதறது சாப்பிடறதுதானே டாக்டர் என்னைக் கேட்டாங்க?" என்றேன்.

டாக்டர் சீட்டை எடுத்தார். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். மரத்தது திரும்பி வரலாம், வராமலும் போகலாம், அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் வலது கையைப் பழக்கிக்கொள்ளச் சொன்னார்.

ஆட்டோவில் இவர் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. திரும்பி, "என்னங்க?" என்றேன். என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். அவர் கணக்குத் தெரிந்த வியாபாரி.

ஆகஸ்ட் 4, திங்கள்

பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறாள். இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். இடது கையால் பத்துத் தடவை அமுக்கிவிட்டு வலது கைக்கு மாற்றிக்கொள்கிறார். டிவி பார்க்கும்போது, பேப்பர் படிக்கும்போது, சும்மா இருக்கும்போது, வலது கையில் பந்து. கீச் கீச் என்று ஒரு சத்தம். நான் அடுப்படியில் நின்றால்கூடக் கேட்கிறது.

பூட்டு, கத்தரிக்கோல், சுத்தியல் எல்லாம் வலது கையால் பழகுகிறார். ஆணியை வளைத்துவிட்டு மறுபடி அடிக்கிறார். "அஞ்சு வயசுல உங்கப்பா சொல்லிக் குடுத்தாரு, இப்ப நான் சொல்லிக் குடுக்கறேன்," என்று கிண்டல் செய்தேன். எனக்கு இப்போது வாய் நீண்டுவிட்டது. திட்டவில்லை. சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

நல்ல மாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பூங்கோதை குடும்பத்தோடு வந்தாள். பாயசம். ஊரெல்லாம் என் பெருமைதானாம். 'மதினி பிடிவாதம் பிடிக்கலேன்னா எங்கண்ணன் இல்ல' என்று சொல்லித் திரிகிறாள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வடை சுட்டேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கத்தவில்லை. ஒரு காதில் கேட்டாலும் பாட்டு பாட்டுதான். இந்த வீட்டில் நான் பாட்டு கேட்டுக்கொண்டு சமைத்தது இதுதான் முதல் தடவை.

பந்து கீச் கீச்.

செப்டம்பர் 12, வெள்ளி

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு உற்சாகமாக இருந்தார். "எலும்பு நல்லாக் கூடிருச்சு. இனிமே எதை வேணும்னாலும் தூக்கலாம். கைத் தமனியில ரத்தம் அருவி மாதிரி ஓடுது. கால்ல எடுத்திருந்தா இப்படிச் சொல்லமாட்டேன். ஐயாவுக்கு இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்ல!"

"எல்லாம் இவ புண்ணியம்," என்றார் இவர்.

இருபது வருஷம். ஆட்டோவில் வரும்போதுதான் அது எனக்குள் இறங்கியது. நான் கையை மட்டும்தான் நினைத்தேன். கால் சிரையென்றால் பத்து. நானே பேசி, நானே வாதாடி, இன்னொரு பத்தையும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொல்லிவிடுகிறேன். நான் இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

சனிக்கிழமை காலையில் பந்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கோபமே இல்லை அவர் முகத்தில். "கை வேணாம், காலுன்னு சொல்லியிருந்தா காலுலயே எடுத்திருப்பாங்க இல்ல?" என்றார். கடையில் விலை கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"உங்க நல்லதுக்குத்தானேங்க," என்றேன்.

அவர் தோள் அசைவதைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என் உடம்புக்கு ஒரு பழக்கம் உண்டு. அடி வருகிறதென்றால் வலது முழங்கையைத் தூக்கி, வலது காதை மூடிக்கொண்டு, இடப்பக்கமாகச் சாய்ந்துவிடுவேன். நான் யோசித்துச் செய்வதில்லை. அதுவாக நடக்கும். அன்றைக்கும் அப்படித்தான் சாய்ந்தேன். அடி இடப்பக்கமிருந்து வந்தது. நானே போய்க் காதைக் கொடுத்தேன்.

தோசை கருகுவது தெரிந்தது. அதன் சத்தம் நின்றிருந்தது.

இன்று காது டாக்டர். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'சவ்வு கிழிந்திருக்கிறது, உள்ளேயும் அடிபட்டிருக்கிறது. எப்படி?' இவர் என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தை எனக்குக் கேட்க வேண்டியதில்லை. குளியலறை.

டாக்டர் மறுபடி எழுதினார்: 'ஏற்கெனவே ஒரு காதுதானே? பொறுத்துப் பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது.'

செப்டம்பர் 20, சனி

சுகர் 112. பிரஷர் 120/80.

ஸ்டெல்லா கூப்பிட்டாள். போனில் அவள் படம் வந்து வந்து போனது. எடுத்து இடது காதில் வைத்தேன். அப்புறம் வலது காதில் வைத்தேன். மறுபடி இடது காதில். அவள் என்ன கேட்டாளோ. "நல்லா இருக்கேன் ஸ்டெல்லா," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வைத்துவிட்டேன். திரும்பவும் படம் வந்தது. கவிழ்த்து வைத்தேன்.

செந்தில்வேலிடமிருந்து எழுத்தில் செய்தி. 'என்னம்மா மறுபடியும் பாத்ரூமா? இந்த தடவை கைப்பிடி வைக்கச் சொல்றேன். அப்பாவைக் கோவப்படுத்தாதே. ஹார்ட் பேஷன்ட்.'

குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை. ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் ஹாலிலிருந்து எழுந்து வந்து வலது கையால் அடுப்பை அணைத்தார். என்னைப் பார்த்து நேராக நின்று ஏதோ சொன்னார். நல்ல தெளிவாகத்தான் சொன்னார், வாய் அப்படி அசைந்தது. எனக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள இன்னும் வரவில்லை. பழகிக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் இருக்கிறது.